பத்து செகண்டு கட்டிய இரண்டு வீடு

திருப்பூரில் இதுவரை கம்ப்யூட்டரைத் திறந்து மூடிய ஆட்களிலேயே 'பத்து செகண்டு'வைப் போல ஒரு பொய்யர் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் வேண்டாம். ஒருவரையே ஊர் தாங்கவில்லை.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்தக் கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் மொபெட்டில் வந்து இறங்குவார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "பத்து செகண்டுங்க" என்பார். அவர் கணக்கில் பத்து செகண்டு என்றால் குறைந்தது அரை நாள். ஒரு முறை பக்கத்துக் கம்பெனியில் மவுஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பத்து செகண்டுங்க, வந்தர்றேன்" என்று போனவர், நேராக உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறுநாள்தான் வந்தார். ஒரு கையில் மவுஸ், இன்னொரு கையில் தாம்பூலப் பை. திட்டுவதற்காக முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் வாயில் லட்டு இருந்தது.

பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பெயிண்ட் பிரஷும், மொபெட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பும் எப்போதும் இருக்கும். பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு வருகிற முதல் வியாதி பஞ்சுதானே! பெட்டியைத் திறந்து பம்பால் ஊதினால் அறை முழுக்க வெள்ளையாகப் பறக்கும். "இதுல ஒரு தலகாணி தெக்கலாமுங்க" என்பார். எல்லாக் கம்பெனியிலும் இதே ஜோக்தான். நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைப்போம்.

நான் அப்போது விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். பெரியவர், சின்னவர் என்றுதான் அவர்களைச் சொல்வோம். திடீரென்று ஒரு நாள் இரண்டு பேருக்கும் சண்டை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சின்னவர் மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் பெரியவர் பெயர் இரண்டாவதாக அச்சாகிவிட்டது. மேலே சின்னவருடைய மச்சினன் பெயர்.

கொங்குக்காரர்கள் சண்டை போடுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்கங்ணா" என்று தம்பி மரியாதையாகச் சபித்தார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு மண்டை உடைந்திருக்கும். இங்கே மண்டைக்குப் பதிலாகக் கம்பெனி உடைந்தது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி அண்ணன் பங்கு பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் கோபத்தில் பிரித்தார். கட்டிங் டேபிளும் அயர்ன் டேபிளும் ஒரு பங்கு, தையல் மெஷின்கள் ஒரு பங்கு. சின்னவர் அதே கோபத்தில் தையல் மெஷின்களை எடுத்துக்கொண்டார். ஹாலின் நடுவே செங்கல் சுவர் எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டலாம், தைக்க முடியாது. இந்தப் பக்கம் தைக்கலாம், வெட்டிய துணி வராது. என்ன புத்திசாலித்தனம், பாருங்கள்!

பங்கு போடாமல் முன் அறையில் மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று பழைய கம்ப்யூட்டர், இன்னொன்று நான். என்னைக் காலை, மதியம் என்று ஒரு மாதிரி பிரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைத்தான் இருவரும் விடமாட்டேன் என்றார்கள். அது வாங்கிய வாரம்தான் அவர்களுக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்ததாம். அதனால் ராசியான பெட்டி. "ஆளுக்கொண்ணு புதுசு வாங்கிக்கலாமே" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். சண்டைக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் செய்த முதல் காரியம், என்னை முறைத்தது.

அரைக் கம்பெனிக்கு எவன் ஆர்டர் கொடுப்பான்? வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட இரண்டு பேர் சுவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஞ்சாயத்துக்குப் பத்து செகண்டு வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு ஊடு கட்டிப்போடலாமுங்க. ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு லினக்ஸ். தனித்தனி வாசல், தனித்தனி சமையல். ஒருத்தரு உள்ள இருக்கறப்ப இன்னொருத்தரு ஊடு பூட்டியே இருக்கும்."

"எத்தனை நேரமாகும்?" என்றார் பெரியவர். பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

மூன்று நாள் ஆயிற்று. ஹார்ட் டிஸ்கைப் பெரியவர் வழக்கப்படி சரிபாதியாகப் பிரித்தார். அண்ணன் கண் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சின்னவர் புது வீடான லினக்ஸை எடுத்தார். திறந்தவுடன் திரையில் பென்குவின் படம் வந்தது. சின்னவருக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமனார்.

"ஏனுங்க, இதென்ன கோழி?"

"கோழியில்லீங்க, பென்குவினுங்க."

"முட்டை வெக்குமா?"

"வெக்குமுங்க."

சின்னவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த பிரச்சினை அன்றைக்கே வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் இரண்டு வீட்டின் பெயரும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மேலே யார் பெயர்? காதுகுத்து மறுபடி ஆரம்பித்தது. பெரியவர் பெயர் மேலே என்று முடிவானதும் சின்னவர், "அப்ப முதல்ல என் ஊடுதான் தொறக்கோணும்" என்றார். வாய்க்கால் தண்ணீர் போல முறை வைத்தார் பத்து செகண்டு. ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் முறை தானாக மாறும். திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் குறைந்து வந்து, அடுத்தவர் வீடு திறக்கும். "அது எண்ணறப்ப மட்டும் கீபோர்டுல எந்தக் கட்டையும் தொட்டுப்போடாதீங்க. ரெண்டு ஊடும் போயிரும்" என்று வேறு பயமுறுத்தி வைத்தார்.

அதோடு விட்டதா? லினக்ஸிலிருந்து பார்த்தால் விண்டோஸில் இருக்கும் ஃபைல் எல்லாம் தெரியும், விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் தெரியாது என்ற ரகசியம் பெரியவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அவன் என் ஊட்டைப் பாப்பான், நான் அவன் ஊட்டைப் பாக்கப்படாதா?" என்று குதித்தார்.

"அண்ணன் ஊட்டுல தம்பிக்கு என்னத்துக்குங்க ஒளிவு மறைவு?" என்றார் பத்து செகண்டு, பஞ்சை ஊதிக்கொண்டே. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

இப்படியாக ஒருவர் அணைத்து எழுந்ததும் மற்றவர் வந்து உட்காருவார். திரை எண்ணி முடிக்கும் வரை தம்பி போகிறாரா என்று அண்ணனும், அண்ணன் எதையாவது தொடுகிறாரா என்று தம்பியும் காவல் நிற்பார்கள். பேச்சு கிடையாது. இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, "அவருகிட்டச் சொல்லுப்பா" என்று என்னிடம் சொல்வார்கள். நான் அந்த இரண்டடிக்குத் தபால்காரன்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். பத்து செகண்டு ஒவ்வொரு தடவை வந்து பஞ்சு ஊதிவிட்டுப் போன பிறகும், திரையில் எண்ணிக்கை கூடியிருந்தது. பத்து இருபதாயிற்று. அப்புறம் அறுபது. அப்புறம் நூறைத் தாண்டியது. முதலாளிகள் கேட்டால், "பொட்டிக்கு வயசாயிருச்சுங்க, மூச்சு வாங்குது" என்றார். ஒரு நாள் மொபெட் பக்கத்தில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, பொய்தானே? நீங்கதானே ஏத்தி வைக்கிறீங்க?"

ஆள் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "பின்ன என்னுங்க? பத்து செகண்டுல ஒரு மனுசன் என்னத்தைப் பேசறது?"

அன்று முதல் நானும் அந்தப் பொய்க்குக் கூட்டாளி.

பிறகு இரண்டு பேருக்கும் பொதுவான கம்பெனி முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. முன்பு சரக்கு வாங்கிய அதே வெளிநாட்டு பையர், அதே பனியன், ஆனால் பெரிய ஆர்டர். மொத்தமாகச் செய்ய முடியுமா, சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். சின்னவர் காலையிலேயே பார்த்தார், அணைத்தார். பெரியவர் மதியம் பார்த்தார், அணைத்தார். சின்னவர் மறுபடி வந்து பட்டனை அழுத்தினார். எண்ணிக்கை முந்நூறிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

இருநூற்றுச் சொச்சத்தில் சின்னவருக்குப் பொறுமை போயிற்று.

"ஏனுங்ணா, உங்க ஊடும் இந்த லட்சணத்துலதான் தொறக்குதுங்களா?"

'அண்ணா' என்ற சொல் அந்த அறையில் விழுந்து எத்தனை மாதமாயிற்று!

"அட, அதையேன் கேக்கற!" என்று பெரியவர் பொரிந்தார். "எல்லாம் அந்தப் பத்து செகண்டுப் பய பண்ற வேலை. நெம்ப லொள்ளுப் புடிச்சவன்."

"அவன இனிமே படியேற உடக் கூடாதுங்ணா."

"உட்டா எங்காலை ஒடிச்சுப் போடு."

ஆஹா, என்ன ஒற்றுமை! மாறி மாறித் திட்டினார்கள். மவுஸ் கதை, லட்டுக் கதை, கோழிக் கதை எல்லாம் வந்தது. நடுவில் பெரியவர் சிரித்துவிட்டார். திரையில் பென்குவின் வந்து காத்திருந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெயிலு பாத்தயா?" என்றார் பெரியவர், மெதுவாக.

"பாத்தனுங்ணா. நீங்க வெட்டிக் குடுங்க, நான் தெச்சுத் தர்றேன்."

"சரி, பதில் போடு. ஒட்டுக்கா நின்னு பண்ணிப்போடலாம்."

மறு வாரம் சுவரில் வழி உடைத்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, அதில் ஒரே வீடுதான். பத்து செகண்டுவை மட்டும் அதன்பிறகு வாசலில் விடவில்லை. அவர் எதற்காக எண்ணிக்கையை ஏற்றினார் என்ற உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம், எங்கே இவர்களுக்குச் சேர்ந்து திட்ட ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, பல்லடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன்.

"அண்ணன் தம்பி பேசிக்கறாங்களாங்க?"

"உங்களைத் திட்டித்தான் அண்ணாச்சி பேச ஆரம்பிச்சாங்க. இன்னும் நிறுத்தலை."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எக்ஸ்போர்ட் ஆர்டர் அவருக்கே கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. டீ டம்ளரை என் கையில் கொடுத்து, "பத்து செகண்டு புடிங்க, வந்தர்றேன்" என்று மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

வருவார் என்று நானும் நம்பவில்லை. பொய்யர் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேனே. இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதே கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.