ஓய்வுக்கு அனுப்பப்பட்ட சோதனை

மனிதகுலத்தின் மாபெரும் சாதனைகள் மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் நிறுவனத்தின் சோதனை அறிக்கை. முதல் இரண்டிலும் குறை உண்டு. நெருப்பு சுடும்; சக்கரம் பஞ்சராகும். மூன்றாவதில் குறை என்று ஒரு சொல்கூட இருக்காது. சோதனைப் பிரிவின் தலைவன் என்ற முறையில் பதினோரு ஆண்டுகளாக அதை எழுதிவருபவன் நான்.

எங்கள் தொழில் எளிமையானது. ஒரு பெரிய கணினியை இருபது பேருக்கு வாடகைக்கு விடுவோம். முழுக் கணினியும் தனக்கே என்று ஒவ்வொருவரும் நம்புவார். அந்த நம்பிக்கையைக் கட்டிக்காக்கும் நிரலுக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். ஒருவருக்குத் தற்சமயம் தேவைப்படாத நினைவகத்தை அது ஓசைப்படாமல் எடுத்து, துடைத்து, இன்னொருவருக்குக் கொடுக்கும். லாட்ஜில் ஒரே கட்டிலை அடுத்தடுத்து ஆட்களுக்கு விடுகிற மாதிரிதான். இடையில் விரிப்பை மாற்ற வேண்டும், அவ்வளவே.

விரிப்பை மாற்ற நேரமாகிறது என்று கண்டுபிடித்தவர் எங்கள் நிரலாளர். துடைக்கும் வேலையை அவசரத்தில் 'தாண்டிப் போகலாம்' என்று நிரலைத் திருத்தினார். வேகம் ஒன்பது சதவீதம் கூடியது. இயக்குநர் அவருக்குக் கேடயமும் 'மின்னல்' என்ற பட்டமும் வழங்கினார்.

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருந்த வேளையில் என் பிரிவுப் பெண்மணி ஒருவர் சோதனை செய்துவிட்டார். சோதனைப் பிரிவில் இது எதிர்பாராத சம்பவம். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. லிஃப்ட் கதவு திறந்ததும், உள்ளே தரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலை வைப்பார்.

"சார், ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றார்.

முதல் வாடகைதாரரின் நினைவகத்தில் ஒரு வரி எழுதுவது. அந்த இடத்தைப் பிடுங்கி ஏழாவது ஆளுக்குக் கொடுப்பது. அங்கே என்ன தெரிகிறது என்று பார்ப்பது. இதுதான் அவர் எழுதிய சோதனை. ஒன்றும் தெரியக் கூடாது. திரையில் தெரிந்தது: 'இதை வேறு யாரும் படிக்கக் கூடாது.'

"படிச்சிட்டீங்களா சார்?"

"படிச்சிட்டேன்."

"அதான் சார் பிரச்சினை."

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பின் வெளியீட்டு விழா. ஆகவே புதன்கிழமையே 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது.

"எத்தனை தடவைக்கு ஒரு தடவை இப்படி ஆகுது?" என்றார் இயக்குநர்.

"ஆயிரத்துக்கு மூணு தடவை சார்" என்றார் சந்தேகம்.

"அப்போ தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு தடவை நல்லா இருக்கு! இதைப் போய் குறைன்னு சொல்றீங்களே!"

"சார், வீட்டுக் கதவு ஆயிரம் நாள்ல மூணு நாள் பூட்டாம கிடந்தா..."

"கதவு எங்கம்மா வந்துச்சு இதுல? நாம மெமரியைப் பத்தித்தானே பேசறோம்?"

கதவு பற்றிய விவாதம் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

மின்னல் தொண்டையைச் செருமினார். "இந்த டெஸ்ட் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுது சார். திரும்ப ஓட்டிப் பாருங்க."

ஓட்டினோம். வெற்றி! கைதட்டல் எழுந்தது.

"சரியாகல சார். இந்தத் தடவை மாட்டல, அவ்வளவுதான்" என்றார் சந்தேகம்.

அந்தக் கூட்டத்தில் உருவானதுதான் எங்கள் புகழ்பெற்ற தர விதி: தோற்ற சோதனையை வெற்றி பெறும்வரை ஓட்டுக, வெற்றி பெற்றவுடன் நிறுத்துக. ஆனால் அந்தச் சோதனைக்கு நன்றி இல்லை. அறிக்கை தயாராகும் நேரம் பார்த்து மறுபடியும் தோற்றது. அதன் நலன் கருதி, அதற்கு 'ஓய்வு' அளித்து நான் உத்தரவிட்டேன். ஓய்வில் இருப்பதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பது மனிதாபிமானம் ஆகாது. வெற்றி, நூறு சதவீதம்.

"இது யார் தலையிலயாவது போய் விடியும் சார்" என்றார் சந்தேகம்.

மூன்று வாரம் கழித்து விடிந்தது. எங்களிடம் கணினி வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பள்ளிக்கூடம் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அச்சடித்தது. 'நாளை மாணவர்கள் வண்ணப் பென்சில் கொண்டுவரவும்' என்பதற்குக் கீழே, அதே கணினியில் குடியிருந்த மருத்துவமனையின் நாலு வரி ஒட்டிக்கொண்டு வந்தது: நோயாளியின் பெயர், வயது முப்பத்தெட்டு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, தினம் இரண்டு மாத்திரை. நானூறு வீடுகளுக்குப் போனது. நோயாளி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் தங்கை.

அவள் அழுகிறாள் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அண்ணா, பிள்ளைங்களை வேற வகுப்புக்கு மாத்தச் சொல்லி வரிசையில நிக்கறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க. எப்படிண்ணா வெளிய போச்சு?" என்றாள் போனில்.

"கம்ப்யூட்டர்னா அப்படித்தான்மா, ஏதாவது ஆகும்" என்றேன். நிபுணர் கருத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

இயக்குநர் விசாரணைக் குழு அமைத்தார். தலைவர் நான், உறுப்பினர் மின்னல். நடுநிலை தவறாமல் சந்தேகத்தை மட்டும் விசாரித்தோம்.

"இப்படி நடக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். அதைத்தானே உங்ககிட்ட சொன்னேன்?"

"தெரியும்னு ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன்."

"எழுதிக்கங்க" என்றேன் மின்னலிடம். விபத்தை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே நபர் அவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. அன்று மாலையே பணிநீக்க உத்தரவு தயாரானது. அவர் தண்ணீர் பாட்டிலையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு, "உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டார். அலுவலகத்தில் வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இப்படிப்பட்ட தேவையற்ற கேள்விகள்தான் அவர் வளர்ச்சிக்குத் தடை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அவ்ளோ பெரிய ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடவா இது தெரியல?"

"ஒருத்தருக்குத் தெரிஞ்சுது."

"அவங்களைப் பாக்கணும்ணா. எங்க இருக்காங்க?"

"வேலையை விட்டு அனுப்பியாச்சு."

"யாரு அனுப்பினது?"

மேசை மேல் உத்தரவின் நகல் கிடந்தது. நான் ஒளிப்பதற்குள் எடுத்துவிட்டாள். எங்கள் நிறுவனத்திலிருந்து இதுவரை ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் வெளிவந்த ஆவணம் அது ஒன்றுதான். அடியில் இருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அந்தப் பெயர்க்காரனைத்தான் அவள் முப்பத்தெட்டு வருஷமாக 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.