சால்வையில் ஓடிய மின்சாரம்

மன்றப் பொறுப்பாளரும் என் தங்கையின் துணைவருமான அன்பு மாப்பிள்ளைக்கு,

வணக்கம். தங்கையும் பிள்ளைகளும் நலந்தானே? எனக்கு உடல் நலம். மனச்சான்றுதான் நேற்றிலிருந்து படுத்த படுக்கை.

சென்ற கூட்டத்தில் மேடைமீது என்னை மின்சாரம் தாக்கியதும், "இவர் மின்பணியாளரா, என் உயிர் பறிக்க வந்த பகைவரா?" என்று அவை நடுவே நான் முழங்கியதும், அம்முழக்கத்தை மதித்து நீங்கள் அவரை வேலையிலிருந்து நீக்கியதும் ஊரறிந்தவை. ஊரறியாதது ஒன்றுண்டு. கூட்டம் தொடங்கும்போது மின்தடை. மேசை விளக்கின் கம்பியில் ஒட்டுப்போட்ட இடத்தில் அவர் சுற்றியிருந்த கறுப்பு நாடா என் கண்ணை உறுத்தியது. இவ்வளவு அழகிய மேடையில் இதென்ன அழுக்கு என்று உரித்தெறிந்தேன். உள்ளே செம்பு பல்லிளித்தது. பட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்தவனல்லவா நான்? எனக்குப் போர்த்திய பட்டுச் சால்வையின் முனையை அதன்மேல் சுற்றி, அங்கேயே கையூன்றிப் பேசினேன். ஒலிபெருக்கி எனக்கெதற்கு? "எழுக!" என்றேன். மின்சாரம் வந்தது. நானே எழுந்தேன், ஒரு முழம். அவை கைதட்டிற்று.

நேற்று அந்த மின்பணியாளர் என் வீடு தேடி வந்து, உரித்த நாடாவை என்முன் வைத்தார்.

"அண்ணே, இது நீங்க பிச்சதுதானே?"

"ஆமாம். ஆனால், பட்டுதானே சுற்றினேன்?"

"பட்டு கடத்தாதுண்ணே. அதோட முனையில இருக்கிற சரிகை? அது உலோகமாச்சே! செம்பு மாதிரியே கரண்டைக் கூட்டிட்டு வரும். போதாததுக்கு உங்க கை வேர்வையில ஊறிக் கெடந்துச்சு. ரப்பர், காய்ஞ்ச கட்டை, இந்த நாடா, இதையெல்லாம் தாண்டி அது வராது. காவலுக்கு நின்னவனைத் துரத்திட்டு, திருடனையே வாசல்ல உக்கார வச்சிட்டீங்களேண்ணே! இப்ப மாசக் கடைசில, வேலையோட குடுத்த மன்றத்து வீட்டையும் குடும்பத்தோட காலி பண்ணச் சொல்றாங்க."

நாற்பதாண்டு மேடையில் பேசியவன், அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு இம்மடலை எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை, குற்றம் முழுதும் என்னுடையது. அவரை இன்றே மீண்டும் அமர்த்துங்கள். வீட்டிலும் அவர்கள் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் நானே மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நெடிது வளர்க.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மைத்துனன்

பின்குறிப்பு: இதை அவரிடம் படித்துக் காட்டினேன். "வேலைக்கு வர்றேண்ணே. ஆனா நீங்க மேடை ஏறுற அன்னிக்கு மட்டும் எனக்கு லீவு வாங்கிக் குடுத்திடுங்க" என்கிறார். அவர் இல்லாத மேடையில் ஏற எனக்குத் துணிவில்லை. ஆகவே மன்னிப்பை நீங்களே அவையில் படித்துவிட்டு, பேச்சாளரை நீக்கிவிடுங்கள்.