ஈரச்சுவரில் வந்த பெண்

வீட்டில் யார் கேட்டும் இனி ஒரு கோடுகூடப் போடுவதில்லை என்று ஓவியர் சபதம் எடுத்தது, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. பாதி சபதம் நுரையோடு போய்விட்டது.

யார் என்று அவர் சொன்னது யாரை? மனைவியைத்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "என்னை ஒரு தடவை வரைஞ்சு குடுங்க."

"கேட்டு வாங்க இது என்ன கடையா? படம் அதுவா வரணும்."

"எங்கேருந்துங்க வரும்?"

ஓவியர் தன் அறைச் சுவரைக் காட்டினார். மாடித் தொட்டித் தண்ணீர் கசிந்து அங்கே பழுப்பாகப் படர்ந்திருந்தது. தினமும் காலையில் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு நாள் குதிரை தெரியும், ஒரு நாள் கப்பல். தெரிந்ததை வரைந்துவிடுவார். அவர் பிழைப்பே அந்தக் கறைதான்.

வெள்ளையடிக்க ஆள் கூப்பிடட்டுமா என்றாள் அவள். சுவரில் சுண்ணாம்பு பட்டால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று குதித்தார்.

"சரிங்க, சுண்ணாம்பு வேண்டாம்."

மறுநாளிலிருந்து கறைக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. திங்கட்கிழமை ஒரு வளைவு. புதன்கிழமை ஒரு கொண்டை. வெள்ளிக்கிழமை எடுப்பாக ஒரு மூக்கு. மனிதர் சோறு தண்ணி மறந்து வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்தது. இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு பெண் என்று சொல்லி, பக்கத்துவீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா பார்த்த பார்வையிலேயே சொன்னாள். "அட, உங்க வீட்டம்மா. மூக்கு அப்படியே இருக்கே."

ஓவியருக்குச் சுருக்கென்றது. எந்தக் கொம்பன் சொல்லியும் வரைந்ததில்லை, எல்லாம் சுவர் கொடுத்தது என்று அக்காவைச் சுவரருகே இழுத்துப்போனார். கிட்டே போனதும் டீ வாசனை அடித்தது.

திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"காலை வெயில்ல ஜன்னல்கிட்ட நின்னா என் நிழல் அங்கதாங்க விழுது," என்றாள் அவள் சாவகாசமாக. "மிச்ச டீயில துணியை நனைச்சு, நிழலோட ஓரமா எட்டி ஒத்தினேன். நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள, தினம் கொஞ்சம்."

ஓவியர் நெஞ்சை நிமிர்த்தினார். அது அவள் படமே இல்லை, அப்படி யாரும் தன்னிடம் வேலை வாங்க முடியாது, நாளைக்கு அதே சுவரிலிருந்து வேறொன்றை வரைந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டார்.

"வரைங்க. ஆனா சீக்கிரம் எழுந்துராதீங்க," என்றாள் அவள். "நாளைக்கு ஜன்னல்கிட்ட அக்கா வந்து நிக்கிறாங்களாம்."