எதிர்ச்சுற்றுக்கு ஒன்பது

அடுத்தவர் வீட்டு மாவில் அண்டத்தைக் காட்டியவர், எங்கள் சித்தூரில் பிளாக் ஹோல் சார் ஒருவர்தான். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலனிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

பலமனேரில் ஒரு கல்யாணம். சமையல்கட்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்குள் சார் ஒரு மிளகைப் போட்டார்.

"மாவு சுத்துது, மெளகு சும்மா நிக்குதா பாருங்க. சுத்தற கருந்துளையும் அப்பிடித்தான். பக்கத்துல கீற எடத்தையே இழுத்துக்கினு சுத்தும்."

"சாரு, அது ஜாங்கிரி மாவு" என்றார் சமையல்காரர். அந்த ஜாங்கிரி சம்பந்தி இலைக்கே போய்ச் சேர்ந்தது.

எனக்கு எதையும் எண்ணிச் சொன்னால்தான் பிடிபடும். அதற்கும் சார் கணக்கு வைத்திருந்தார். கருந்துளையின் எடைக்கேற்ற ஒரு தூரத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். சுழலாத கருந்துளை என்றால், உள்ளே விழாமல் நிலையாகச் சுற்றிவர ஆறு பங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். அது முழு வேகத்தில் சுழன்றால், அதன் போக்கிலேயே சுற்றுகிற பொருள் ஒரு பங்கு வரை நெருங்கலாம். எதிர்த்துச் சுற்றினால் ஒன்பது.

"இத தெரிஞ்சிக்கினு நான் என்னா சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஆச்சரியப்படுங்க, போதும்."

போன வருடம் திருப்பதியில் ஒரு தேர்த் திருவிழாவுக்கு அவரும் எங்களோடு வந்தார். கூட்டத்தில் என் மனைவியைக் காணோம். சர்க்கரைக்காரி, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவாள். அவளுடைய இட்லியும் போனும் என் பையில்.

ஊரே கோயிலை வலம் வந்துகொண்டிருந்தது. எதிரே போனால் சீக்கிரம் அகப்படுவாள் என்று எதிர்த்து நடந்தேன். "தாத்தா, இட்டு காது", இந்தப் பக்கம் இல்லை என்று தெலுங்கில் சொல்லி ஆளுக்கொரு தள்ளு. கடைசியில் வீதி ஓரத்து வளையல் கடைக்காரர் மடியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து கோயில் மதிலே தெரியவில்லை.

சார் கைகொடுத்துத் தூக்கினார். "எதிர்ச்சுத்து. ஒன்பது பங்கு."

"அவ மயக்கம் போட்டுடுவா சார். இப்ப போயி கணக்கா?"

"கணக்குதான் சாமி. அம்மா எப்பவும் மதில தொட்டுக்கினுதானே சுத்துவாங்க? அங்க போவணும்னா கூட்டத்தோட போவணும். என் சட்டைய புடிச்சிக்கினு வாங்க."

பிடித்துக்கொண்டேன். கால் தரையில் படாமலே போனோம். சார் ஒவ்வொரு ஆளாகத் தாண்டி உள்பக்கம் ஒதுங்கினார். உள்ளே போகப் போக வேகம் கூடியது. கையில் மதில் தட்டுப்பட்டபோது, சற்று முன்னால் மதிலடி மேடையில் அவள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க" என்று என் கையைப் பற்றி மேடைக்கு இழுத்தாள். நான் சாரின் சட்டையை விட்டேன்.

"சார், நில்லுங்க."

"இங்க நிக்க முடியாதுங்க. அதான் விஷயமே."

கூட்டம் தள்ளிக்கொண்டு போக, கையை ஆட்டியபடி மறைந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மூன்று இட்லி உள்ளே போனதும் அவளுக்குத் தெளிந்தது. "சித்தூர் பஸ்ஸு போய்டும்ங்க" என்றாள். எந்தப் பஸ்ஸையும் ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ப் பிடிக்கிறவன் நான். போகட்டும் என்றேன். மிச்சமிருந்த இட்லியைப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொண்டு, சார் ஒரு சுற்று முடித்து வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.