கோரைப் பள்ளமும் பச்சைப் பிரியரும்

மனிதர்களில் பச்சைப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். வாயிற்கதவில் பிளாஸ்டிக் கொடி படரவிட்டு, அதை வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைத்து, திரைச்சீலை முதல் கைப்பேசியின் முகப்புப் படம் வரை எல்லாவற்றையும் பச்சையாக்கி, மேடை கிடைத்தால் "இயற்கையை நேசிப்போம்" என்று குரல் தழுதழுக்கப் பேசி, வீடு திரும்பியதும், தம் கார் மேல் சருகு கொட்டிய குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு மரத்தை வெட்டச் சொல்லிச் சண்டைக்குப் போகிறவர் இவர். மரத்தின் மேல் கோபமா? சேச்சே. அது உதிர்ப்பதுதான் பிடிக்காது.

எங்கள் நலச்சங்கத் தலைவர் இந்த இனத்தில் அசல் சரக்கு. எங்கள் பகுதிக்குப் புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டம் வந்தபோதுதான் அவரை முழுசாகப் பார்த்தேன். திட்டத்தைக் கொண்டுவந்தது நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை. என் தங்கை என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட அறைச் சுவரில் பழைய வரைபடம் தொங்கியது. வீடுகளுக்கு மஞ்சள், பூங்காவுக்குப் பச்சை. தெருக்கோடியில் கோரைப்புல் மண்டிய பள்ளத்துக்கு மட்டும் எந்த நிறமும் இல்லை. நிறம் இல்லையா, அப்படியானால் காலி மனை. இது தலைவரின் சித்தாந்தம்.

"ஏம்மா, சும்மா கிடக்கிற இடம்தானே? மண்ணடிச்சு மூடி, புல்தரை போட்டு, நடுவுல ஒரு நீரூற்று வெச்சா எவ்வளவு பசுமையா இருக்கும்!"

"சும்மா இல்லீங்க சார். சுத்தியிருக்கிற தெருத் தண்ணியெல்லாம் அங்கதான் போய் இறங்குது. அதை அப்படியே விடணும்னுதான் இந்தத் திட்டமே."

"தண்ணிக்கு ஒரு குழாய் போட்டா போச்சு."

"குழாய் எங்க சார் போய் விழும்?"

"அதை அடுத்த தெருக்காரங்க பார்த்துக்குவாங்க!"

கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு தையற்கார அம்மா எழுந்தார்.

"நான்தாங்க அந்த அடுத்த தெரு. போன மழைக்குத் தையல் மெஷினைக் கட்டில் மேல தூக்கி வெச்சேன். நீங்க பள்ளத்தை மூடிட்டா, கட்டிலைத் தூக்கி எது மேலங்க வைக்கிறது?"

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு மிகுந்த கனிவோடு, "பொதுநலம்னு வந்தா நாலு பேர் விட்டுக்கொடுக்கணும்மா" என்றார். மறுபடி கைதட்டல். பள்ளத்தை மூடக் கைகள் பாதி உயர்ந்தும்விட்டன.

"சரி சார், மூடிக்கலாம்" என்றாள் என் தங்கை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆனா அந்தப் பள்ளம் குடிக்கிற தண்ணியை உங்க வீடுங்க குடிக்கணும். ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் சிமென்ட் தரையில பாதியை உடைச்சு மண்ணா விட்டுடுங்க. எழுதிக்கட்டுமா?"

உயர்ந்த கைகள் தலை சொறியப் போயின.

"கால்ல சேறு ஒட்டுமே!"

"அப்ப காரை எங்கங்க நிறுத்துறது?"

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். கோரைப் பள்ளம் நம் பொதுச் சொத்து என்றும், அதில் ஒரு கூடை மண் விழ வந்தாலும் தாம் குறுக்கே படுத்துவிடப் போவதாகவும் முழங்கினார். பள்ளத்தைத் தொடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம். நான் நின்றுகொண்டே கைதட்டினேன்.

"அக்கா, போதும், உட்காரு" என்றாள் தங்கை.

பள்ளம் பிழைத்தது. பசுமைப் பற்றாலா? சிமென்ட் பற்றால்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே எட்டி உங்கள் வாசலையும் ஒருமுறை பாருங்கள். கையகல மண்ணாவது கண்ணில் படுகிறதா? படாவிட்டால், அங்கே விழுகிற மழை யார் வீட்டுத் தையல் மெஷினைத் தேடிப் போகிறது என்று கொஞ்சம் விசாரித்து வையுங்கள்.