நடைவேந்தனுக்குப் புரிந்த தமிழ்

"நட" என்றாள் பேராசிரியரின் அக்கா மகள். நடைவேந்தன் நடக்கவில்லை.

"இன்னும் தெளிவாச் சொல்லணும். நான் சொல்றது இவளுக்குப் புரியுதாக்கா?" என்று அக்காவிடம் கேட்டார் பேராசிரியர்.

"எதிர்லதான மாமா இருக்கேன். என்கிட்டயே கேக்கலாமே" என்றாள் அவள்.

பெருமூளை வாதத்தோடு பிறந்தவள். காலும் நாக்கும் அவள் அவசரத்துக்கு ஈடுகொடுக்காது. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், ஆனால் கூர்மையாக வந்து சேரும். நாலு சக்கர வாக்கரைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்க் கணினி படிக்கிறாள்.

அவளைப் போன்ற இளைஞர்களை நடக்கவைப்பதற்காகப் பேராசிரியர் வருடக்கணக்கில் கட்டிய ரோபோதான் நடைவேந்தன். இடுப்புக்கு ஒரு பெல்ட், கால்களுக்கு இரும்புச் சட்டம், மூட்டுக்கு மூட்டு மோட்டார், முதுகில் பாட்டரி. வாயால் சொன்னால் கேட்கும். அதற்குப் பெயர் வைக்க ஒரு மாதம் யோசித்தவர், யாருக்காகச் செய்கிறாரோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "நட, நில், அமர்" என்று அதன் காதில் ஏற்றிய குரல் முழுக்க அவருடையது. அவருக்குத் தன் குரல் ரொம்பப் பிடிக்கும்.

இன்று ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டாவிட்டால் திட்டம் அதோடு சரி. கதவில் மாட்டியிருக்கும் 'திட்டத் தலைவர்' பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஆராய்ச்சி நின்றுவிடுமே என்பதைவிட, அந்தப் பலகை போய்விடுமே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"வீட்ல யாருடா 'அமர்'னு பேசறாங்க? போ, வா, உக்காரு, எந்திரின்னு சொல்லிக்கொடு" என்றாள் அக்கா.

பேராசிரியர் உடனே மாற்றினார். போ என்றால் முன்னால், வா என்றால் பின்னால். அக்கா மகள் இழுத்துப் பேசுவதும் அதற்குப் புரியவேண்டுமே என்று, யார் சொன்னாலும், அரைகுறையாகக் காதில் விழுந்தாலே கீழ்ப்படியும்படி செய்தார்.

"மாமா, அப்படிப் பண்ணினா..."

"அப்புறம் சொல்லு."

இந்த 'அப்புறம்' ஆய்வுக்கூடம் திறந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பது.

"அப்பாடா, முடிஞ்சு போச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டார் பேராசிரியர். ஸ்டாண்டில் தொங்கிய நடைவேந்தன் அந்தப் 'போ'வைப் பிடித்துக்கொண்டு காற்றிலேயே நடக்க ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த முக்காலி உருண்டது.

"ஐயோ, போதும்டா!" என்று அலறினாள் அக்கா. இன்னும் வேகமாக உதைத்தது.

கோபம் வருகிறது, மானம் போகிறது, தூக்கம் வருகிறது, கரண்டு போகிறது. போகாமலும் வராமலும் தமிழில் எதைத்தான் பேசுவது? அத்தனை படித்த பேராசிரியருக்கு இது மட்டும் தோன்றவில்லை. அக்காதான் பின்பக்கமாகச் சுற்றிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"நான் இதை மாட்டிக்க மாட்டேன்" என்றாள் மகள்.

"பயப்படறாளாக்கா?"

"பயமில்ல மாமா. சுவிட்ச் முதுகுல இருக்கு. மாட்டினவங்களுக்கு எட்டாது. எத்தனை தடவை சொல்றது?"

"இதெல்லாம் ஒரு குறையா? நானே மாட்டிக் காட்டறேன். அக்கா, அந்த ஓட்டை வாக்கரைக் கதவுக்குப் பின்னால தள்ளு, குழு பார்த்தா அசிங்கம். உன் பொண்ணை லாப்டாப் முன்னால உக்காந்து சும்மா இருக்கச் சொல்லு."

மாட்டிக்கொண்டார். பெல்ட் 'கிளிக்' என்று பூட்டியது. மோட்டார் ஓடும்வரை பெல்ட் திறக்காது. பாதுகாப்புக்காம். அதுவும் அவர் மூளையில் உதித்ததுதான். அக்கா சுவிட்சைப் போட்டாள். கதவு திறந்தது.

குழுவில் மூன்று பேர், தலைவி ஓர் அம்மையார். பேராசிரியர் அனுப்பிய அறிக்கை மூவர் கையிலும் இருந்தது. உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"வாங்க, வாங்க!" என்றாள் அக்கா, மரியாதை தெரிந்தவள்.

கைகூப்பிய பேராசிரியர் கூப்பிய கையோடு பின்னால் போய்ச் சுவரில் மோதினார்.

"நீங்க உக்காருங்க" என்று பதற்றத்தில் நாற்காலியைக் காட்டினாள் அக்கா. குழுவுக்கு முன்னால் பேராசிரியர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

"அடடா, மெதுவா எந்திரிங்க" என்றார் தலைவி. விருட்டென்று எழுந்தார்.

"பரவாயில்ல" என்று இளித்தார் பேராசிரியர். பரவாயில்லைக்குள்ளும் ஒரு 'வா' இருக்கிறது. மறுபடியும் சுவர்.

"போதும்! போதும்!"

கேட்கவேண்டுமா? நேராகக் குழுவை நோக்கி நடந்தார். அதற்குள் உட்கார்ந்துவிட்ட மூவரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். "ஐயா, பின்னால வாங்க!" என்று தலைவி கத்தியதும் திரும்பவும் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார். சுவிட்ச் சுவரோடு அமுங்கிவிட்டதால் அக்காவின் கையும் எட்டவில்லை.

மகள் லாப்டாப்பில் எதையோ தட்டினாள். நடைவேந்தன் மெல்ல மடங்கி, அவரைக் குழந்தையைப் போலத் தரையில் இறக்கியது.

"மாமா, பேசாதீங்க."

பேராசிரியர் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார். உண்மையில் நடைவேந்தனின் காதை அவள் அப்போதே அடைத்துவிட்டாள். இனி என்ன பேசினாலும் அது அசையாது. இதை மாமாவிடம் சொல்லலாம்தான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தலைவி மூச்சு வாங்கினார். அக்காவைப் பார்த்து, "இது யாரு?" என்று மகளைக் காட்டிக் கேட்டார்.

"என் பொண்ணுங்க."

"சரி, இந்த மெஷின்ல அடுத்து என்ன செய்யப்போறீங்க?"

பேராசிரியருக்குத் தொண்டைவரை பதில் இருந்தது. ஒரு மணி நேரப் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்தால் நடைவேந்தன் எங்கே கொண்டுபோய் மோதுமோ என்று பயம். வேறு வழியில்லாமல், நீ சொல்லு என்று அக்கா மகளைக் கைகாட்டினார்.

அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. மூவரும் காத்திருந்தார்கள்.

"முதல்ல சுவிட்ச் முன்பக்கம் வரணும். அப்புறம், மாட்டினவங்களுக்கு ஒரு கை சும்மா இருக்கணும். யாரையும் கூப்பிடாம, ஒரு கப் டீயை அடுப்படியிலேருந்து தன் ரூமுக்கு எடுத்துட்டுப் போய், ஆறுறதுக்குள்ள குடிக்கணும். இன்னும் என்னென்ன வேணும்னு அவங்களையே கேட்டுச் செய்யணும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளுக்கு இப்படி ஒரு ஆசை இருப்பது அவளுக்கே இன்றுதான் தெரியும். பேராசிரியரோ, பரவாயில்லையே, நம்மோடு இருந்து இருந்து இவளும் தேறிவிட்டாள் என்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

தலைவி கூட வந்தவர்களிடம் குனிந்து ஏதோ பேசினார், காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "திட்டம் தொடரட்டும்" என்றார்.

பேராசிரியர் தரையிலிருந்தபடியே கும்பிட்டார். பலகை தப்பித்தது! தலைவி அவரருகே வந்து குனிந்து, தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு நிமிர்ந்த தலைவி, அவர் தலைக்கு மேலாக அக்காவிடம் சொன்னார்: "சொந்த மாமா இப்படி இருக்காரேன்னு ஒரு மெஷினையே கண்டுபிடிச்சிருக்கா உங்க பொண்ணு. திட்டத் தலைவர்னு அவளைத்தான் எழுதியிருக்கேன். ஏம்மா, நாம பேசறதெல்லாம் இவருக்குப் புரியுமா?"