நாற்பதில் தொடங்கிய தக்காளி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். ஒரே வீட்டில் தனித்தனியாக நலம். என் மகளின் நலத்தை, அவள் என்னோடு மறுபடி பேசத் தொடங்கினால் அவளிடமே கேட்டுக்கொள்வேன்.

உங்கள் தக்காளி உரக் கட்டுரையின் படத்தில் எழுத்து மிகச் சிறிது என்று ஆய்விதழ்க்காரர்கள் திருப்பியபோது, வெளியூர் கிளம்பும் அவசரத்தில் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல பைத்தான் நிரல் எழுதக் கத்துக்கிறீங்களே, எழுத்தை மட்டும் பெரிசாக்கி அனுப்பிடுங்க." அந்த 'மட்டும்' காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. முதலில் படம் வெள்ளை வெளேரென்று சேமிப்பானது. திரையில் காட்டும் கட்டளையை முன்னாலும் சேமிக்கும் கட்டளையைப் பின்னாலும் வைத்திருந்தேன்; கரும்பலகையைத் துடைத்துவிட்டு, இப்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது போல. மாற்றிப் போட்டதும் படம் வந்தது, ஆனால் எழுத்து பெருத்ததில் 'தக்காளி' ஓரத்தில் வெட்டுப்பட்டு 'தக்கா' என்று நின்றது. அதையும் சரிசெய்தேன். அங்கேயே எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் நிரலில் அந்த வரி கண்ணில் பட்டது: செங்குத்து அச்சு நாற்பதில் தொடங்கட்டும். பழைய உரத்தில் செடிக்கு நாற்பத்தொரு பழம், உங்கள் உரத்தில் நாற்பத்து மூன்று. நாற்பதில் தொடங்கினால் படத்தில் உங்கள் உரத்தின் பட்டை மூன்று மடங்கு உயரம். இரண்டு பிள்ளைகளைக் கழுத்துவரை குழியில் நிறுத்தி, தலையை மட்டும் அளந்து, இவன் மூன்று மடங்கு நெட்டை என்பது போல. வாத்தியார் நான்; பூஜ்ஜியத்தில் தொடங்காத பட்டை வரைபடத்துக்கு மதிப்பெண் போட்டதே இல்லை. கை தானாகப் போய் அந்த வரியை அடித்துவிட்டது. ரெண்டு பட்டையும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி நின்னுச்சு, பார்க்க அழகா இருந்துச்சு, அனுப்பிட்டேன்.

இப்போது ஆய்விதழின் ஆசிரியர், "இதில் வேறுபாடு எங்கே?" என்று கேட்டுக் கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறார், அதை நம்பியிருந்த உங்கள் பதவி உயர்வும் நிற்கிறது. "எழுத்துலதானே கை வைக்கச் சொன்னாரு, அச்சுல எதுக்குப்பா வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு என் மகள் போனை வைத்தவள்தான். "படம் போடச் சொன்னா பரீட்சைத்தாள் திருத்தியிருக்கீங்க," என்கிறாள் உங்கள் அத்தை.

அந்த வரி தவறுதான், மாப்பிள்ளை. ஆனால் அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் தவறை அவன் காதோடுதான் சொல்வேன். அந்த மரியாதையை உங்களுக்குத் தரவில்லை. பைத்தானையே கணினியிலிருந்து அழித்துவிட்டேன். இனி யார் படத்திலும் கை வைக்க மாட்டேன்.

உங்கள் செடிகளும் நீங்களும் செழித்திருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன் மாமா

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டும் முன் அந்த இதழாசிரியர் எனக்குத் தனியாக எழுதினார், வரும் கட்டுரைகளின் படங்களையெல்லாம் பார்த்துத் தர முடியுமா என்று. சரி என்றுவிட்டேன். பைத்தானை மறுபடி ஏற்றியாயிற்று. அவர் அனுப்பிய முதல் கட்டின் மேலே இருப்பது உங்கள் கத்தரிக்காய்க் கட்டுரை. பட்டை முப்பத்தெட்டில் தொடங்குகிறது. இந்த முறை முதலில் உங்கள் காதில் சொல்கிறேன்.